கையெழுத்து விழும் நேரம்

கொழும்பு புதுக்கடையில் மரணசாசன வழக்குகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: கையெழுத்து வைக்கும்போது அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருந்ததா? முன்பு அயலவரையும் குடும்ப டொக்டரையும் கூண்டில் ஏற்றினார்கள். இப்போது ஸ்கான் படங்களும் கோப்போடு வருகின்றன. மூளை சுருங்கியிருக்கிறது, ஆகவே சாசனம் செல்லாது என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

நொத்தாரிசுக்கு இது தூரத்து விஷயமல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, மரணசாசனத்துக்கு ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். அந்த அறையில் என்ன நடந்தது என்று பிறகு நொத்தாரிசுதான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியிருக்கும்.

எம்.ஆர்.ஐ. படத்தில் மருத்துவர்கள் முதலில் தேடுவது ஹிப்போகம்பஸ். புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதி அது. அல்சைமர் நோய் வெகு முன்பே அதைத் தேய்த்துவிடும். அலோய்ஸ் அல்சைமர் 1906இல் இறந்த பெண்ணின் மூளையில் நுண்ணோக்கியால் கண்ட அமிலோயிட் என்ற புரதப் படிவை, உயிரோடிருப்பவரின் தலைக்குள்ளேயே காணும் பெட் ஸ்கான் 2002இல் கைகூடியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிளங்க், மாதிஸ் இருவரும் உருவாக்கிய சாயம் அதற்கு உதவியது.

ஆனால் படிவு இருந்தாலே மறதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கொலம்பியாவில் பிரான்சிஸ்கோ லொபெரா பல பத்தாண்டுகள் ஆராய்ந்த பெரிய குடும்பத்தில், பிரெசெனிலின் 1 மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களுக்கு நாற்பது வயதுகளிலேயே நினைவு தடுமாறும். அதே பிறழ்வோடு பிறந்த அலிரியா என்ற பெண் எழுபது வயதுவரை தெளிவாக இருந்தார். அவருடைய ஸ்கானில் அமிலோயிட் நிறைந்து கிடந்தது. அபோஈ மரபணுவின் கிறைஸ்ட்சேர்ச் வகை இரண்டு பிரதிகளாக இருந்ததே அவரைக் காத்திருக்கலாம் என்று 2019இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

1993இல் அல்சைமரோடு தொடர்புடையதென்று கண்ட அபோஈ 4 வகையும் அப்படித்தான். ஆபத்தைக் கூட்டும், நோயை உறுதி செய்யாது. அதன் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரிடம் எடுத்தவை. நம் பக்கத்தில் பெங்களூரின் மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரக் கிராமங்களில் முதியவர்களை ஆண்டாண்டாகத் தொடர்கிறது. இப்படிப்பட்ட வேலை இலங்கையிலும் பெருக வேண்டும்.

சட்டம் கேட்பது வேறு. இங்கிலாந்தில் 1870இல் வந்த பாங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ தீர்ப்பு இங்கும் வழிகாட்டி. தன் சொத்து எவ்வளவு, உரிமை கோரக்கூடியவர் யார், தான் செய்வது என்ன என்பது எழுதுபவருக்கு விளங்க வேண்டும். தன்னை ஆவிகள் துரத்துவதாக நம்பிய ஜோன் பாங்க்ஸின் சாசனத்தையே அந்த நீதிமன்றம் ஏற்றது. அந்த மயக்கம் சொத்துப் பங்கீட்டைத் தொடவில்லை.

அனுபவப்பட்ட நொத்தாரிசு முதலில் பிள்ளைகளை வெளியே இருக்கச் சொல்வார். ஆம், இல்லை என்று தப்பிக்க முடியாதபடி கேட்பார். கொட்டாஞ்சேனை வீடொன்றில் படுக்கையில் இருந்த மூதாட்டிக்கு அது எந்த ஆண்டென்று தெரியவில்லை.

"வீட்டை யாருக்கு எழுதப் போறியள் அம்மா?"

"மூத்தவன் கனடாவில, தம்பி. கடன் கட்டினது அவன்தான். என்னைக் குளிப்பாட்டிறது சின்னவள். வீடு அவளுக்கு."

இந்தப் பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே நேரத்தோடு குறித்து வைப்பதுதான் நொத்தாரிசின் வேலை. அன்றே ஒரு டொக்டர் பார்த்து எழுதிய கடிதமும் சேர்ந்தால், இரண்டு வருடம் கழித்து எடுத்த எந்த ஸ்கானும் அதை எளிதில் அசைக்காது. பதில் தடுமாறினால், குடும்பம் எவ்வளவு கெஞ்சினாலும் எழுதக் கூடாது.

ஸ்கான் உண்மையில் உதவுவது முன்னெச்சரிக்கையாகத்தான். கொலம்பியக் குடும்பத்தில் அமிலோயிட் இருபத்தெட்டு வயதளவிலேயே சேரத் தொடங்குவது 2012இல் தெரியவந்தது. அறிகுறிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் முந்தி. மறதி நோயின் முதல் சந்தேகத்தைச் சொல்லும் டொக்டர், மருந்துச்சீட்டோடு "உறுதி, சாசனம் ஏதும் இருந்தால் இப்போதே போய் எழுதுங்கோ" என்றும் சொன்னால், புதுக்கடையில் பல வழக்குகள் பதிவாகவே மாட்டா.