ஆனந்தபூரில் ஒரு குதிரைத் திருநாள்

அம்பாலாவுக்கு நாம் வந்து எட்டாண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலமும் விடுமுறை என்றால் தெற்கே செல்லும் வண்டியன்றி வேறு வண்டி நம் நினைவில் எழுந்ததில்லை. இவ்வாண்டு, உடன் பணிபுரியும் மூத்த சீக்கிய நண்பர் வற்புறுத்தி அழைக்கவே, மனைவியையும் ஏழு வயது மகனையும் அழைத்துக்கொண்டு ஆனந்தபூர் சாஹிபுக்குப் புறப்பட்டோம். தென்னக ரயில்வேக்கு மாற்றல் கேட்டு அதற்கு முன்பே விண்ணப்பித்திருந்தோம். அவ்விதம் விரும்பி மாறுவோர் பணிமூப்பை இழந்து கடைசி ஆளாகச் சேரவேண்டும் என்பதை ரயில்வேக் குடும்பங்கள் அறியும். அதற்கும் இசைந்தே எழுதிக் கொடுத்திருந்தோம்.

சிர்ஹிந்து, ரோபர் வழியாகச் செல்லும் வண்டியில் கால் வைக்க இடமில்லை. குரு கோவிந்த சிங் 1699-இல் கால்சாவை நிறுவிய ஊர் ஆனந்தபூர். ஹோலிக்கு மறுநாள் சாயம் தெளித்து விளையாடுவதை விடுத்துப் போர்ப்பயிற்சி செய்யுமாறு 1701-இல் அவர் தொடங்கிவைத்ததே ஹோலா மொஹல்லா. கேஸ்கர் சாஹிபை வணங்கி, லங்கரில் ரொட்டியும் பருப்பும் உண்டு, சரண்கங்கை மைதானத்தை அடைந்தோம்.

நீல உடையும் கோபுரம்போல் உயர்ந்த தலைப்பாகையும் அணிந்த நிகாங்குகள் அங்கே குதிரைகளுடன் திரண்டிருந்தனர். ஒருவர் இரு குதிரைகளின் முதுகில் காலுக்கொன்றாக நின்றவாறே பறந்தார். (செல்ல விரும்பும் அன்பர்கள் தண்ணீர் கொண்டு செல்க, குதிரைக்குப் பின்புறம் மட்டும் நில்லாதீர்.)

எனினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது நேசாபாஸி என்னும் ஈட்டி விளையாட்டே. தரையில் அறைந்த சிறு மரமுளையை, நாலுகால் பாய்ச்சலில் வருபவர் சாய்ந்து ஈட்டியால் குத்தித் தூக்கவேண்டும். குத்தியதும் கை பின்னோக்கிச் சுழலவேண்டும். விறைத்து நின்றால் தோள் தாங்காது.

நண்பரின் தம்பி மகனும் சாம்பல்நிறப் பெண்குதிரை ஒன்றில் வந்தான். முதன்முறை ஈட்டி மண்ணைக் கிளறிற்று. மறுமுறை குதிரை மிரண்டு ஒதுங்க, இளைஞன் புழுதியில் உருண்டான். கூட்டம் அடங்கிற்று, நண்பர் அசையவில்லை, நம் மகன் நம் கையை இறுகப் பற்றினான். எழுந்த இளைஞன் முதலில் குதிரையின் கால்களைத் தடவிப் பார்த்தான். பிறகே தன் முழங்கையைப் பார்த்தான். மூன்றாம் முறை குத்தியது கண்ணுக்கே புலப்படவில்லை. சுழன்று உயர்ந்த ஈட்டியின் நுனியில் முளை இருந்தது.

மாலையில் நம் மகனைத் தூக்கி அக்குதிரைமேல் அமர்த்தினார்கள். ஊரில் அய்யனார் கோயில் மண்குதிரையையே கண்டவன் அவன். பிடரியில் கைவைத்தவாறே, “தாயாஜி!” என்று நண்பரை விளித்துப் பஞ்சாபியில் மளமளவென்று ஏதோ சொன்னான். எட்டாண்டு இருந்தும் நமக்குப் பாதிதான் விளங்கிற்று. என்ன சொன்னான் என்று நண்பரைக் கேட்டோம்.

“குதிரை மூச்சு விடுகிறதாம்” என்று சிரித்தார்.

இரவு வண்டியில், மாற்றல் விஷயம் ஏதேனும் தெரிந்ததா என்று மனைவி வினவினாள். இன்னும் இல்லை என்றோம். அவள் மடியில் உறங்கிக்கொண்டிருந்த மகனின் சட்டையில் குதிரை வாடை வீசிற்று.