பழைய மெத்தையின் எடை



இரண்டு மாதமாக ஆளையே காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மெத்தை தேடிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், கதை பெரியது.

எங்கள் வீட்டில் 1993இல் வாங்கிய தென்னை நார் மெத்தை ஒன்று இருக்கிறது. ஆறடிக்கு ஐந்தடி, நான்கு அங்குலக் கனம். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வரும் உங்கள் சார் பகல் முழுக்க அதில்தான் தூங்குவார். போன வருடம் அவருக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். மெத்தையின் ஓரத்தில் நார்த்தூள் கொட்ட ஆரம்பித்திருந்ததால், வீட்டுக்கு வந்ததும் புதிது ஒன்று வாங்கிப் போட்டேன். மெத்துமெத்தென்ற ஃபோம், நல்ல விலை. நாலாம் நாள் ராத்திரி பார்த்தால் மனுஷர் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். "இது மெத்தையா, சேறா? புரண்டு படுக்கவே முடியலை" என்றார். பாயில் படுப்பது சரி, எழுந்திருப்பது? ஒரு நாள் விடியற்காலையில் பீரோ கைப்பிடியைப் பிடித்து எழ முயன்று, அது திறந்துகொள்ள, முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

பழையது மாதிரியே ஒன்று வேண்டும். அவ்வளவுதான் என் தேவை. ஓசூரில் பாகலூர் ரோடு, அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி என்று அலைந்தேன். (பக்கத்து வீட்டு அம்மா தினமும் "பருப்பு வாங்கிட்டீங்களா?" என்பார். தெலுங்கில் மெத்தைக்குப் 'பருபு' என்று பெயர். நான் துவரம்பருப்பைக் கேட்கிறார் என்று நினைத்து முதல் நாள் ரேஷன் கடைக் கதையைச் சொல்லிவிட்டேன்.)

மெமரி ஃபோம் காட்டினார்கள். அது சூட்டுக்கு இளகும், குளிருக்கு இறுகும். மார்கழியில் நம்ம ஊர்க் குளிர் தெரியுமே. வேண்டாம் என்றேன். ஸ்பிரிங் மெத்தையில் நான் புரண்டால் அவர் ஆடுகிறார். போடிப் பக்கத்து இலவம் பஞ்சு எனக்குப் பிடித்தது, ஆனால் நாளாக ஆகப் பள்ளம் விழும், பஞ்சைப் பிரித்து அடிக்க வேண்டும். இப்போது யார் வந்து அடிக்கிறார்கள்? நார் மெத்தையும் இருந்தது. 'கர்லான் மெத்தை' என்று நாம் பொதுவாகச் சொல்வோமே, 1962இல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2023இல் ஷீலா ஃபோம் கைக்குப் போய்விட்டதாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நான் பார்த்த நார் மெத்தைகளில் மேலே ஒரு அங்குலம் ஃபோம் வைத்துத் தைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் அமுங்குகிறது.

அப்போதுதான் 2004 பேட்ச் பையன் ஒருவன் போன் செய்தான். ஃபோம் தொழிற்சாலையில் வேலை. "மிஸ், நீங்கதானே அடர்த்தி நடத்தினீங்க? பழைய மெத்தையை எடை போட்டுப் பாருங்க" என்றான். எனக்கு வெட்கமாகிவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதியது, தனக்கென்று வரும்போது தோன்றவில்லை!

பழைய பேப்பர் எடுக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். மெத்தையை விற்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து, பார்த்ததும் விலை சொன்னார். கொக்கித் தராசில் மாட்டினோம். 21 கிலோ. ஸ்கேல் வைத்துக் கனம் அளந்தேன். நான்கு அங்குலம் மூன்றாகியிருந்தது! கணக்குப் போடுங்கள் பிள்ளைகளே. அன்றும் இதே எடை என்று வைத்துக்கொண்டால், வாங்கிய புதிதில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 74 கிலோ. இன்று 99. நார் கொஞ்சம் உதிர்ந்ததைச் சேர்த்தால் அன்றைய எண் சற்றுக் கூடும், அதை விடுங்கள்.

சுருள் சுருளாக்கிய தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்து, அழுத்திச் சூடேற்றி எடுப்பதுதான் இந்த மெத்தை. ஒவ்வொரு சுருளும் ஒரு குட்டி ஸ்பிரிங். முப்பது வருஷமாக நாங்கள் இரண்டு பேரும் படுத்துப் படுத்து அதை இறுக்கியிருக்கிறோம். அதே மாடல் புதிதாகக் கிடைத்திருந்தாலும் அவருக்குப் பிடித்திருக்காது! நான் கடை கடையாகத் தேடியது எந்தக் கடையிலும் இருக்க முடியாத பொருள்.

நூறு அடர்த்தி என்றதும் ரீபாண்டட் ஃபோமைக் காட்டினார்கள். ஃபோம் துண்டுகளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. எண் பொருந்தியது, படுத்துப் பார்த்த சாருக்குப் பொருந்தவில்லை. முதுகு சுடுகிறது என்றார். அடர்த்தி வேறு, கடினம் வேறு, காற்றோட்டம் வேறு. மறுபடியும் ஒரு பாடம்.

கடைசியில் அத்திப்பள்ளியில் ஒரு கடைக்காரர், எங்கள் கட்டில் அளவுக்கே, மேலே ஃபோம் இல்லாமல், இறுக்கமான நார் மட்டும் மூன்று அங்குலத்தில் வரவழைத்துத் தந்தார். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்து பேசி, "ஆறு மாசம் ஆகட்டும் அம்மா, அப்புறம் நல்லா செட்டாகும்" என்றார். முதல் வாரம் "பலகை" என்றார் சார். இரண்டாம் வாரம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. கட்டில் விளிம்பைப் பிடித்துத் தானே எழுகிறார்.

பழைய பேப்பர் தம்பி நேற்றும் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "மெத்தையைப் போடறீங்களாம்மா?" என்று கேட்டார். இன்னும் கொடுக்கவில்லை. பின்கட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன்.