இரண்டாவது சிரிஞ்சு

ஜூன் 3

லேப்பைப் பூட்டப் போகிற நேரத்தில் வெளியூரிலிருந்து ஒரு சிரிஞ்சு வந்தது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் கூழ், விட்ரியஸ். காலையில் எடுத்தது, பஸ் பார்சலில் வந்து சேர ஏழு மணி நேரமாகிவிட்டது. ஸ்லைடு முழுக்க உடைந்த கருக்களும் கரைந்த விளிம்புகளும்தான். நடுநடுவே சாதாரண லிம்போசைட்டுகள். கொஞ்சம் பெரிதாகத் தெரிந்த மூன்று செல்களை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனசு ஆறவில்லை.

ஜூன் 4

கேஸ் விவரம் கேட்டு வாங்கினேன். 62 வயது, ஓய்வுபெற்ற தையல் டீச்சர். எட்டு மாதமாக இரண்டு கண்ணிலும் மங்கல். வலியோ சிவப்போ கிடையாது. யுவியைட்டிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி என்று வைத்தியம் நடந்திருக்கிறது. மாண்டூ டெஸ்ட் பாசிட்டிவ் என்பதால் காசநோய் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. காசநோய் கண்ணையும் தாக்கும், நம் நாட்டில் அதை நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் கிருமி எப்போதோ தொட்டுவிட்டுப் போனவர்களுக்கும் அந்த ஊசி போட்ட இடம் தடிக்கும்.

ஸ்டீராய்டு ஆரம்பித்ததும் பார்வை தெளிந்திருக்கிறது. குறைத்ததும் திரும்ப மங்கல். இப்படி மூன்று தடவை. அதைப் படித்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லிம்போமா, அதாவது லிம்போசைட்டுகளில் வரும் புற்றுநோய்; அதன் செல்களையும் ஸ்டீராய்டு கொல்லும், கொஞ்ச நாளைக்கு. மருந்து கேட்கிறதே, அழற்சிதான் என்று டாக்டர் நம்புவார், வீட்டார் நிம்மதியாவார்கள். நாங்கள் தேட வேண்டிய செல்லும் அதிலேயே அழிந்துபோகும். மாறுவேடம் போடும் நோய் என்று கண் மருத்துவர்கள் இதை வகைப்படுத்தியிருப்பது சும்மா இல்லை.

எங்கள் ரெட்டினா சர்ஜனிடம் பேசினேன். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து, முழுசாக நிறுத்தி இரண்டு வாரம் கழித்து இங்கேயே மறுபடி எடுப்பது என்று முடிவு.

ஜூலை 1

தியேட்டருக்கு வெளியே டீச்சரைப் பார்த்தேன். “கண்ணுக்குள்ள ஒட்டடை தொங்குற மாதிரி இருக்கு டாக்டரம்மா. ஊசிக் காது தெரிஞ்சு எட்டு மாசமாச்சு” என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு கண்ணில் இருப்பதே சுமார் 4 மில்லி விட்ரியஸ். அதில் செயற்கைத் திரவம் கலக்காமல் கிடைப்பது ஒரு மில்லி. செல் சிதையக் கூடாது என்று சர்ஜன் கட்டரின் வேகத்தைக் குறைத்து வைத்தார். வாசலில் நின்று சிரிஞ்சை நானே வாங்கிக்கொண்டு நடந்தேன். வடிகஞ்சியின் தெளிவு போல மங்கலாக இருந்தது.

அந்த ஒரு மில்லியை நாலு பங்கு போட வேண்டும்: ஸ்லைடுக்கு, ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு, இண்டர்லூகின் அளவுக்கு, மரபணுச் சோதனைக்கு. எதற்கு அதிகம் கொடுத்தாலும் இன்னொன்றுக்குக் குறையும். ஸ்லைடுக்குத்தான் முதல் பங்கு கொடுத்தேன்.

சைட்டோஸ்பின்னில் சுழற்றி, ஜீம்சா சாயம் போட்டு, லென்சுக்கு அடியில் வைத்தேன். இருந்தன! சாதாரண லிம்போசைட்டைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிசு. செல்லை அடைத்துக்கொண்டு கரு, அதன் ஓரம் கோணல்மாணலாக, உள்ளே துருத்தும் நியூக்ளியோலஸ். சுற்றிலும் செத்த செல்களின் சாம்பல்.

ஜூலை 5

மற்ற முடிவுகளும் வந்துவிட்டன. பி-செல்கள், எல்லாம் ஒரே வார்ப்பு. பி-செல் லிம்போமா சுரக்கும் இண்டர்லூகின்-10 அளவு, அழற்சியில் ஏறும் இண்டர்லூகின்-6ஐவிடப் பல மடங்கு. 1990களில் அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் சீ-சாவ் சான் குழுவினர் காட்டிக்கொடுத்த வழி இது. எம்ஒய்டி88 மரபணுவிலும் மாற்றம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் இந்தத் தடவை பெயரை எழுதினேன்.

மூளை ஸ்கேனும் முதுகுத்தண்டு நீரும் இப்போதைக்குச் சுத்தம். பெரும்பாலானவர்களுக்கு இது பிற்பாடு மூளைக்கும் போகிறது; அதனால் எட்டு மாதம் போனது நெஞ்சை அழுத்துகிறது. வரும் வாரம் இரண்டு கண்ணுக்குள்ளும் மெத்தோட்ரெக்சேட், 0.1 மில்லியில் 400 மைக்ரோகிராம்.

ராத்திரி ஜூன் ஸ்லைடை எடுத்து மறுபடி பார்த்தேன். அதே மூன்று செல்கள். நோயின் பெயர் தெரிந்த பிறகும் அவற்றை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை.

சிரிஞ்சு அனுப்பிய டாக்டருக்குப் போன் போட்டேன். “அடுத்த தடவை சந்தேகம் வந்தா விட்ரியஸை பஸ்ல ஏத்தாதீங்க டாக்டர். பேஷண்டையே அனுப்பிடுங்க. முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் தியேட்டர் வாசல்ல நிக்கறேன்.”