காட்டுப் பாதையும் கத்தரிக் கன்றும்

இந்த நாட்டுக்கு வந்து சேரும் எங்களுக்கு முதலில் பழக்கமாவது வீடு, பக்டரி, தமிழ்க்கடை, கோயில் ஆகிய நான்கும்தான். இவற்றுக்கு இடையில் பஸ் ஓடுகின்றது. பஸ் யன்னலால் தெரியும் மரங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்க நேரமும் இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. எங்களில் ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வர, மற்றவர் சாப்பாட்டுப் பெட்டியுடன் வெளியேறுவார். முழுக் குடும்பமும் ஒன்றாக இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளை நாங்கள் எப்படிக் கழிக்கின்றோம் என்பதைப் புதிதாக ஸ்காபரோவுக்கு வந்திருக்கும் குடும்பங்களுக்குச் சொல்லலாம் என்றே இதை எழுதுகின்றோம். நாங்கள் அதிகம் படித்தவர்களல்ல. சாதாரண தரத்தோடு எங்கள் படிப்பை யுத்தம் நிறுத்திவிட்டது. ஆகவே கண்டதையும் செய்து பார்த்ததையும் மட்டுமே சொல்கின்றோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடை என்பது எங்களுக்கு இனிமையான சொல்லாக இருக்கவில்லை. 2008 கடைசியிலிருந்து 2009 மே வரை நாங்கள் நடந்தபடியே இருந்தோம். கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால். ஒவ்வோர் இடத்திலும் பாதிச் சாமான் குறைந்தது. அந்த நடையில் எங்கள் தம்பியும் இல்லாமற் போனான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதன்பின் அம்மா மரங்கள் அடர்ந்த இடத்தில் கால் வைத்ததேயில்லை. இங்கே மகன் பள்ளிக்கூடத்தால் வந்து, "எல்லாரும் காட்டுக்கை நடக்கப் போறாங்கள், நாங்களும் போவமோ?" என்று கேட்டபோது அம்மாதான் முதலில் வாய் திறந்தா.

"இருக்கிறதுக்கு ஒரு வீடு கிடைச்சிட்டுது. பிறகேன் ராசா காடு வழிய நடக்கிறது?"

அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஆனால் மகனுக்குக் காடு என்றால் அணிலும் மானும்தான். அவனுடைய காட்டை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துத்தான் புறப்பட்டோம்.

ஸ்காபரோவின் கிழக்கு எல்லையில், மிருகக்காட்சிச்சாலைக்குப் பக்கத்தில் றூஜ் தேசிய நகரப் பூங்கா இருக்கின்றது. 2015 இல் தேசிய நகரப் பூங்காவாக்கப்பட்டது. ஏறக்குறைய 79 சதுர கிலோமீற்றர் பரப்பு. ஆறு, பள்ளத்தாக்கு, வயல், காடு எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் இல்லை. மிருகக்காட்சிச்சாலைக்குப் போகும் பஸ்சிலேயே போகலாம், கார் வேண்டுமென்றில்லை. சிறு பிள்ளைகளோடு போகின்றவர்களுக்கு விஸ்ரா பாதை நல்லது. சுமார் 1.5 கிலோமீற்றர்தான். இடையில் உள்ள மரத் தட்டில் ஏறி நின்றால் பள்ளத்தாக்குத் தெரியும். மாஸ்ற் பாதை சற்று ஏற்ற இறக்கமானது. இருநூறு வருடங்களுக்கு முன் கப்பற் பாய்மரங்களுக்காக உயரமான மரங்களைத் தறித்து இழுத்துச் சென்ற வழி அது.

வாசலில் "பாதையை விட்டு இறங்காதீர்கள்" என்று பலகை இருக்கும். முதல்நாள் அதைக் கண்டதும் எங்கள் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. எங்கள் ஊரில் அப்படியான பலகையின் அர்த்தம் மிதிவெடி. இங்கே காரணங்கள் வேறு. ஒன்று, மூன்று மூன்று இலையாக வளரும் பொய்சன் ஐவி. தொட்டால் தோல் கொப்பளித்துச் சொறியும். மற்றது உண்ணி. மாட்டிலும் நாயிலும் நாங்கள் கண்ட உண்ணியின் இனந்தான். ஆனால் இங்குள்ள கறுப்புக்கால் உண்ணி லைம் என்ற நோயைக் கொடுக்கக்கூடியது. வெப்பநிலை 4 பாகைக்கு மேல் போனாலே அது நடமாடத் தொடங்கிவிடும். வெளிர்நிறக் களிசானைப் போட்டு, நுனியைச் சொக்ஸுக்குள் செருகுங்கள். வீடு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கமக்கட்டு, தலைமயிர் எல்லாம் பாருங்கள். உண்ணி கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். 24 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றுவது குறைவு. சந்தேகமென்றால் 811க்கு எடுத்தால் ஒரு தாதியோடு கதைக்கலாம். மொழிபெயர்ப்பும் கேட்கலாம்.

மே மாதத்தில் காட்டுத் தரையெங்கும் மூன்று இதழோடு வெள்ளைப் பூ பூக்கும். அது ரில்லியம். 1937 முதல் ஒன்ராறியோவின் பூ. விதையிலிருந்து முதற்பூ வர ஏழு வருடமாவது எடுக்கும். அதன் விதைகளை எறும்புகள் இழுத்துக்கொண்டு போய்ப் பரப்புகின்றன. ஆகவே பிள்ளைகள் கேட்டாலும் பிடுங்கக் கொடுக்காதீர்கள். பூங்காவில் எதைப் பிடுங்குவதற்கும் அனுமதி இல்லை.

அம்மா இந்த நடைகள் எதற்கும் வரவில்லை. அவவுடைய இடம் தோட்டம். சிட்டியிடம் பணம் கட்டி ஒரு தோட்டத் துண்டு எடுக்கலாம். பல இடங்களில் காத்திருப்போர் பட்டியல் உண்டு, நேரத்தோடு பெயரைப் பதியுங்கள். அதுவரை பல்கனியில் வாளிகள் போதும். மிளகாயும் கத்தரியும் மார்ச் மாதமே வீட்டுக்குள் தெற்கு யன்னலடியில், தயிர்க் கோப்பைகளில் முளைக்க வைக்க வேண்டும். மே மாதம் விக்ரோறியா தின விடுமுறைக்கு முன் வெளியே நடாதீர்கள். ஓர் இரவுப் பனி எல்லாக் கன்றையும் கருக்கிவிடும். பயித்தை, பாகல், வெண்டி விதைகளுக்கு மண் சூடாக வேண்டும், ஆகவே ஜூன் நல்லது. கறிவேப்பிலையைச் சாடியிலேயே வைத்து, செப்ரெம்பரில் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். தக்காளி பழுக்க முதல் அணில் கடித்துவிடும். சுற்றிக் கம்பிவலை கட்டினால்தான் உங்களுக்கு மிஞ்சும்.

அந்தத் தோட்டத்து வேலியோரம் ஒரு செடி தானாக நின்றது. அம்மா ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தா. வெள்ளைப் பால் வந்தது. "இஞ்சை பாருங்கோ, இது எங்கட எருக்கலையின்ரை சொந்தம்" என்றா. பிறகு மகன் நூலகப் புத்தகத்தில் தேடினான். அம்மா சொன்னது சரி. அதன் பெயர் மில்க்வீட். எருக்கலையும் அதுவும் ஒரே குடும்பம். ஊரில் எருக்கலை இலையைத் தின்னும் கோடு போட்ட புழு செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகுமல்லவா? இங்கே மில்க்வீட்டைத் தின்னும் புழு மொனாக் வண்ணத்துப்பூச்சியாகும். அவையும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் ஒன்ராறியோவில் மில்க்வீட்டைக் களை என்று அழித்தார்கள். 2014 இல் அதைக் களைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். உங்கள் வேலியில் நின்றால் விட்டுவிடுங்கள். பால் கண்ணில் படாமல் கையை மட்டும் கழுவிக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையில் அம்மா ஒவ்வொரு நாளும் புழுக்களை எண்ணினா. செப்ரெம்பரில் அவை எங்கே போகின்றன என்று கேட்டா. மெக்சிக்கோவின் மலைகளுக்கு, 3,000 கிலோமீற்றருக்கு மேல் என்றோம். நம்பவில்லை. ஸ்காபரோ ஏரிக்கரையில் உள்ள றொசெற்றா மக்லெயின் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே இலையுதிர் காலத்தில் மொனாக்குகள் ஏரியை ஒட்டிப் பறந்து போவதைக் காணலாம்.

"திரும்பி வருங்களோ?"

"போறது வராது, அப்பம்மா. அதின்ரை பேரப்பிள்ளையள்தான் வரும்" என்றான் மகன்.

அம்மா கனநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அப்ப, ஒருநாளும் காணாத ஊருக்கு வழி தெரிஞ்சு வருகுதுகள்" என்றா.

அடுத்த ஞாயிறு அம்மா தானாகச் சப்பாத்தைப் போட்டா. ஹைலண்ட் கிறீக் ஆற்றுக்குப் போனோம். மோர்னிங்சைட் பூங்காவால் போகலாம். செப்ரெம்பர், ஒக்ரோபரில் ஏரியிலிருந்து சினூக் சமன் மீன்கள் ஆற்றில் எதிர்த்து ஏறி வரும். ஊரில் ரின்மீன் எதையும் சமன் என்றே சொன்னோம். உண்மையான சமன் கை நீளத்துக்கு மேல் இருக்கும். முட்டையிட்டதும் இறந்துவிடும். பார்க்கலாம், தொடக் கூடாது. மீன்பிடிக்க லைசென்ஸ் வேண்டும். அங்கே அம்மா மரங்களுக்குக் கீழே முழுத் தூரமும் நடந்தா. எங்கள் கையைப் பிடித்தபடிதான். ஒரு வளைவில் நின்று தம்பியின் பெயரைச் சொன்னா. பதினைந்து வருடத்துக்கு மேலாக அந்தப் பெயரை அவ வாயால் நாங்கள் கேட்டதில்லை.

ஒக்ரோபரில் உள்ளிப் பற்களை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் நட்டுச் சருகால் மூடுங்கள். பனிக்கடியில் கிடந்து அடுத்த ஜூலையில் முற்றும். குளிர்காலத்திலும் நடக்கலாம். பருத்தி உடுப்பு வேர்வையில் நனைந்தால் குளிர் பிடிக்கும், உட்பக்கம் அதைத் தவிருங்கள். காற்றோடு சேர்ந்து குளிர் -28க்குக் கீழ் போனால் நாங்கள் போவதில்லை. தோல் விறைத்துவிடும். மற்ற நாட்களில் பனியில் முயல், மான், கயோட்டி ஆகியவற்றின் அடிகளைப் பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள். கயோட்டியைக் கண்டால் ஓடாதீர்கள். முகத்தைப் பார்த்தபடி சத்தம் போட்டுப் பின்னால் நகருங்கள். இன்னொன்று, சனி விரதத்துக்குக் காகத்துக்குச் சோறு வைப்போர் கவனிக்கவும். 2023 ஏப்பிரலிலிருந்து ரொறன்ரோவில் காட்டு விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பல்கனியிலும் இப்படி உணவு வைப்பது தடை. அம்மா இப்போது சாமிப்படத்துக்கு முன் படைத்துவிட்டுத் தானே சாப்பிடுகின்றா.

பெரிய செலவு ஒன்றுமில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய சப்பாத்து, ஒரு போத்தல் தண்ணீர், பிளாஸ்கில் பிளேன்ரீ போதும். முதல்நாள் அரை மணித்தியாலம் நடந்து பாருங்கள். அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது எங்களிடம் சின்னப் பதில் ஒன்று உண்டு. அன்று நாங்கள் நடந்தபோது பின்னால் வீடு இருக்கவில்லை. இன்று களைத்தால் திரும்பலாம். திரும்பி வந்தால் கதவில் எங்கள் திறப்புத்தான் போகும்.