மந்துக் குறிப்புகள்

வெள்ளி, உதகை

அரசு தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே தோடர் பழங்குடியின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. மலர் பார்க்க வந்தவர்கள் அப்படியே ஏறி வந்து, அரைவட்டக் கூரை போட்ட பழைய வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே போவதற்கு மூன்றடி வாசல். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். எட்டிப் பார்த்தவர் ஒருவர், "இதுக்குள்ள எப்படிங்க இருந்தாங்க?" என்றார். நீலகிரியின் மார்கழிக் குளிரில் ஓர் இரவை வெளியே கழித்தவர் அப்படிக் கேட்க மாட்டார்.

சனி

இன்று தள்ளியிருக்கும் ஒரு மந்துக்குப் போனேன். பெயர் எழுதவில்லை; ஏற்கெனவே அங்கே வண்டிகள் அதிகம்.

வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து ஓர் அக்கா பூத்துக்குளிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார். சட்டம் கிடையாது, துணியில் கோடு கிடையாது. முரட்டு வெள்ளைத் துணியைப் பின்புறமாகப் பிடித்து, இழையை எண்ணி எண்ணி ஊசி போகிறது. சிவப்பு, கறுப்பு நூல் இரண்டே. ஒவ்வொரு தையலிலும் நூலைக் கொஞ்சம் தளர்த்தி விடுகிறார்; அதனால் மறுபக்கம் தடவினால் பூ மேடாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. "எண்ணிக்கை தப்புனா அவ்வளவுதான் தம்பி, பிரிக்கணும்" என்றார், தலை நிமிராமல். இந்தத் தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சடங்குகளில் போர்த்துவதும், இறந்தவரைச் சுற்றுவதும் இதே போர்வைதான்.

துணி மட்டும் தோடர் நெய்ததல்ல. நெசவு அவர்கள் தொழிலே இல்லை. துணி கீழ்நாட்டிலிருந்து வந்தது, மண்பானையும் இரும்புச் சாமானும் அதே மலையில் வாழும் கோத்தர் கொடுத்தார்கள், தானியம் படகரிடமிருந்து. தோடர் கொடுத்தது எருமைப்பாலும் நெய்யும். 'உலகத்தோடு ஒட்டாத பழங்குடி' என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதுவது சுத்தப் பொய்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் இளம்பெண் வந்தாள். அங்கிருந்த மூத்தவர் ஒருவர் முன் குனிந்தாள். அவர் பாதத்தைத் தூக்கி அவள் நெற்றியில் தொட்டார். பிறகு இருவரும் செல்போன் ரீசார்ஜ் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

ஞாயிறு

மந்தின் கோயிலைக் கல்சுவருக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். பெண்களுக்கும் வெளியாருக்கும் உள்ளே அனுமதியில்லை. கோயில் என்றால் பால்மனைதான்: பூசாரி கறந்த பாலைக் கடைந்து, நெய் எடுக்கும் இடம். வளைத்துக் கட்டிய மூங்கிலும் பிரம்பும்தான் எலும்பு. அதன்மேல் சதுப்பு நிலத்தில் முளைக்கும் புல்லைக் கற்றை கற்றையாக வேய்கிறார்கள். முத்தநாடு என்னும் மந்தில் உள்ளது கூம்பு வடிவக் கோயில். ஆண்டுதோறும் மார்கழி, தை வாக்கில் அங்கே மொற்பர்த் விழா: ஆண்கள் பூத்துக்குளி போர்த்தி வட்டமாக ஆட, இளவட்டங்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

வீடுகள் பெரும்பாலும் கான்கிரீட்டுக்கு மாறிவிட்டன. அதற்காகக் கண்ணீர் விட நமக்கு உரிமையில்லை. நாம் யாரும் ஓலை வீட்டில் இல்லை. ஆனால் கோயில் கூரைக்குப் புல்தான் வேண்டும், தகரம் ஆகாது. புல்லின் தேவை கோயிலோடு நிற்பதில்லை: பெண் கருவுற்றிருக்கும்போது கணவன் அவளிடம் வில் அம்பு கொடுக்கும் சடங்கு இன்னும் நடக்கிறது. குழந்தைக்கு இன்னார் தகப்பன் என்று ஊரறியச் சொல்வது அது. அந்தச் சின்ன வில் அம்பையும் காட்டுச் செடியிலும் புல்லிலும்தான் செய்கிறார்கள்.

பூத்துக்குளி பிழைத்துக்கொள்ளும். அதற்கு நூலும் துணியும் கடையில் கிடைக்கின்றன, வாங்க ஆளும் இருக்கிறது. புல்லுக்கு அந்த வழியில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் தைலமரமும் சீகை மரமும் நட்டார்கள். கூடவே தேயிலை, உருளைக்கிழங்கு, கேரட். இடையில் இருந்த சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்தாயிற்று. மிச்சமிருக்கும் புல்லுக்கு இப்போது வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்றார் ஒரு பெரியவர்.

திங்கள், திரும்பும் வழி

கடைவீதியில் 'தோடா டிசைன்' என்று இயந்திரத்தில் அடித்த சால்வைகள் தொங்குகின்றன. தடவிப் பார்த்தால் வழவழவென்றிருக்கும். வாங்குவதாயிருந்தால் தைத்த பெண்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். ஆனால் அதோடு கடமை முடிந்ததென்று நினைக்க வேண்டாம். புல்வெளியையும் சதுப்பையும் தரிசு என்று பதிவேட்டில் எழுதிவைத்த பழக்கம் போக வேண்டும். மிச்சமிருப்பதில் புல் வெட்டும் உரிமை மந்துக்காரர்களுக்குத் தடையில்லாமல் இருக்க வேண்டும்.