மெட்டுக்கு நடுவே

செவ்வாய், இரவு

ஷிப்மென்ட் போய்விட்டதால் கம்பெனியில் நைட் ஷிப்ட் இல்லை. சேவூர் ரோட்டில் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகன் கிடாரும் கையுமாக இருந்தான். "மாமா, இதக் கேளுங்க. கிடாருன்னு நம்பவே முடியலீங்க" என்று ஹெட்போனை மாட்டிவிட்டான்.

கிடார் பிரசன்னாவின் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'. ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006இல் வந்த ஆல்பம். ராக்கின் வேகமும் முறுக்கும் அப்படியே இருக்கின்றன. ஸ்வரங்கள் மட்டும் நம் அவிநாசித் தேர்த்திருவிழா நாதஸ்வரம் போலக் குழைகின்றன. அவர் வாசித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இனி இதுதான்.

புதன்

அந்தக் குழைவின் சூட்சுமம் இடது கையில் இருக்கிறது. வீணையில் தந்தியை அழுத்தும் மெட்டு உயரம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் பல ஸ்வரம் பேசும். கிடாரில் மெட்டு தட்டை, கம்பியும் விறைப்பு. இழுத்தால் சுருதி ஏறும், இறங்காது. மேலிருந்து கீழே குழைந்து வர வேண்டுமானால் முன்கூட்டியே இழுத்துப் பிடித்து, மீட்டிய பிறகு மெல்லத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் கம்பிமேலேயே விரலைச் சறுக்க வேண்டும். ப்ளூஸ்காரர்களும் கம்பியை இழுப்பவர்கள்தான், ஹெண்ட்ரிக்ஸ் உட்பட. பிரசன்னாவுக்கு இழுப்பது, சறுக்குவது இரண்டு வழியும் தெரியும். மின்சாரக் கிடாரில் நாதம் நீண்டு நிற்பதால் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் முடியும்வரை ஸ்வரம் சாவதில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸும் மின்சார மாண்டலினைத்தான் கையில் எடுத்தார்.

பையனின் விரல் நுனியைப் பார்த்தேன். தோல் உரிந்து, கம்பி பதிந்த கோடு சிவந்து கிடந்தது.

வெள்ளி

மச்சானுக்கு மகனைப் பற்றிக் கவலை. "கிடாரு சோறு போடுமாங்க மாப்ள?" என்றார். பிரசன்னாவின் கதையைச் சொன்னேன். ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தவர், அங்கேயே ராக் வாசித்தவர். திருவாரூர் பாலசுப்ரமணியத்திடமும் வயலின் ஏ. கன்யாகுமாரியிடமும் கர்நாடக சங்கீதம் கற்றார். பிறகு பாஸ்டன் பெர்க்லி இசைக் கல்லூரி. 2009இல் ஆஸ்கர் பெற்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப்படத்துக்கு இசை அவருடையது. பியானோக் கலைஞர் விஜய் ஐயர், தபலா நிதின் மிட்டா இருவருடனும் 'தீர்த்தா' ஆல்பம்.

ராக்கா, ராகமா என்று யார் கேட்டாலும் அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை மரியாதை. மச்சான் ஆஸ்கரைவிட ஐஐடியைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "படிச்சு முடிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். நல்லது, கிடாரைப் பிடுங்கவில்லையே.

சனி

பையனிடம் தோடி ராகத்தின் காந்தாரத்தை மட்டும் வாசித்துப் பழகச் சொல்லியிருந்தேன். அசைந்தால்தான் அது காந்தாரம். நின்றால் தோடியே இல்லை. பையன் இழுக்கிறான், பாதியில் கம்பி முரண்டு பிடிக்கிறது. அவன் கிடாரில் போட்டிருப்பது தடித்த கம்பி. நாளைக்குக் கோயம்புத்தூர் கூட்டிப்போய் மெல்லிசுக் கம்பி செட் வாங்கித் தர வேண்டும்.