மூன்றாம் நாள் தீர்ந்துபோகும் பேட்டரி

நவம்பர் 11, வெள்ளிமலை

செல்ஃப் எடுக்கவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்றிருந்தார். மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். “சார் வண்டி இருக்குதுன்னு தைரியமா இருக்கோம்” என்று போன வாரம்தான் சொன்னார். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

நவம்பர் 12

பள்ளிப் பையன்கள் நான்கு பேர் சரிவு வரை தள்ளினார்கள். இரண்டாவது கியரில் விட்டதும் கிளம்பியது. பேட்டரி அடியோடு போயிருந்தால் இதுவும் நடக்காது. பெட்ரோல் பம்புக்கே மின்சாரம் வேண்டும்.

நவம்பர் 16, கள்ளக்குறிச்சி

பேட்டரிக் கடையில் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். வண்டி ஓடும்போது 14.2 வோல்ட் காட்டுகிறது. டைனமோவில் குறையில்லை. “நிக்கும்போது எங்கியோ கரண்ட் போவுது, பாருங்க.” கோமுகி அணையைத் தாண்டி மலையேறும்போது மனசு லேசாக இருந்தது. ஆனால் வழியில் எங்கேயும் இன்ஜினை அணைக்கவில்லை.

நவம்பர் 19

மறுபடியும். அந்தப் பெண்ணை நடுராத்திரியில் இறக்க வேண்டிவந்தால்? 108 மலையேறி வந்து சேரும்வரை?

நவம்பர் 24

மீட்டரோடு உட்கார்ந்தேன். எர்த் ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே மீட்டரைப் பத்து ஆம்பியரில் வைத்து, கதவுகளைச் சாத்தி அரைமணி காத்திருந்தேன். வண்டிக்குள் இருக்கும் கருவிகள் ஓய அவ்வளவு நேரம் பிடிக்கும். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 0.44 காட்டியது. அப்படியென்றால் நாளுக்குப் பத்தரை ஆம்பியர்-மணி. என் பேட்டரி மொத்தமே 35. மூன்றாம் நாள் தீராமல் என்ன செய்யும்?

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். ஆறாவதில் 0.02க்கு இறங்கியது. ரேடியோவுக்கும் உள்விளக்குக்கும் அதே ஃபியூஸ்தான். ரேடியோவைக் கழற்றிவிட்டு ஃபியூஸைப் போட்டேன், பழையபடி ஏறிவிட்டது. உள்விளக்கு அணைந்துதான் இருந்தது. அதற்குள் இருட்டிவிட்டது. விரல் விறைத்து, அழுகை வரும்போல இருந்தது.

அந்த அம்மா காப்பி கொண்டுவந்தார். “டிக்கியில ராவெல்லாம் வெளிச்சம் தெரியுதே சார். நீங்க வேணும்னுதான் போட்டு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

ரப்பர் பிய்ந்த இடத்தில் நூலளவு மஞ்சள் கோடு. ஐந்து வாட் பல்ப். டிக்கி மூடியதும் விளக்கை அணைக்கிற சுவிட்ச் ஒடிந்துகிடந்தது.

“எத்தனை நாளாம்மா?”

“மழை விட்டதுல இருந்து.”

இந்த இரண்டு வாரமும் வண்டியைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நவம்பர் 25

பல்பைக் கழற்றியாயிற்று. வண்டியைத் தள்ளிக் கிளப்பி வெகுதூரம் ஓட்டினேன்.

நவம்பர் 28

காலையில் 12.1. கசிவு நின்றும் இறங்குகிறது. திரும்பத் திரும்ப வற்றிய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். அப்புறம் சார்ஜ் நிற்காது. சனிக்கிழமை வரை புதிது வாங்க வழியில்லை. குளிர் வேறு.

நவம்பர் 30

புது பேட்டரி போட்டு மலையேறி வந்தேன். பக்கத்து வீடு பூட்டியிருந்தது. காலை பஸ்ஸில் மகளைக் கச்சிராயபாளையத்துக்குச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்களாம். அங்கிருந்து ஆஸ்பத்திரி பக்கமாம். கடுக்காய் காயப்போட்ட சாக்கு திண்ணையில் அப்படியே கிடக்கிறது.

டிசம்பர் 1

12.6.

டிசம்பர் 3

12.6. வண்டியின் மூக்கு சரிவைப் பார்த்திருக்கும்படிதான் இன்னும் நிறுத்துகிறேன். கீழேயிருந்து தகவல் இல்லை.